நம்ம மண்ணும் நம்ம மாவும் யார் கணினியில்?

உயிர்த் தகவலியல் என்று சொன்னாலே நம்ம உழவர் கூட்டங்களில் பலர் முகம் சுளிக்கிறார்கள். "கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கிறவருக்கு நம்ம மண்ணும் வயிறும் எப்படிங்க தெரியும்?" என்கிறார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் அவர்களை ஒதுக்கி வைத்தால் நட்டம் நமக்குத்தான் என்பது என் கருத்து.

எங்க காஞ்சிபுரம் கோயில் இட்லியை எடுத்துக்குங்க. அரிசி, உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, நெய். மாவைப் பொங்க வைப்பது தானியத்தோடு வந்த நுண்ணுயிர்கள். லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்று 1960-களிலேயே ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களில் பெரும்பாலானவை ஆய்வகத் தட்டில் வளர்வதே இல்லை. குடலிலும் பல அப்படித்தான்.

வளராததை எப்படி அறிவது? அவற்றின் டி.என்.ஏ.வைப் பிரித்துப் படிக்கிறார்கள். கருவியிலிருந்து வருவது லட்சக்கணக்கான துண்டுகள். நூறு பட்டுச் சேலைகளை வெட்டி ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்த மாதிரி. எந்தத் துண்டு எந்தச் சேலை என்று பிரிப்பவர்தான் உயிர்த் தகவலியலாளர். ஏற்கெனவே சேர்த்து வைத்த தரவோடு ஒப்பிட்டுத்தான் அவர் பெயர் சொல்ல முடியும்.

சிக்கல் அங்கேதான். குடல் நுண்ணுயிர்த் தரவில் பெரும்பங்கு அமெரிக்கா, ஐரோப்பா, சீனாவிலிருந்து வந்தது. 2019-ல் போபால் ஐசர் குழுவினர் போபாலிலும் கேரளாவிலும் 110 பேரை ஆராய்ந்தார்கள். தானியமும் பருப்பும் உண்ணும் போபால்காரர்களிடம் பிரிவோடெல்லா என்ற பாக்டீரியா மிகுந்திருந்தது. மீனும் இறைச்சியும் சேர்த்து உண்ணும் கேரளத்தவரிடம் நுண்ணுயிர்க் கூட்டமே வேறாக இருந்தது. கேழ்வரகுக் கூழும் நீராகாரமும் குடிக்கிற நம்ம வயிறு அந்த ஆய்வில் இல்லை. தரவில் இல்லாத மக்களுக்கு நாளைக்கு வரும் மருந்தும் உணவு ஆலோசனையும் எப்படிப் பொருந்தும்?

ஆகவே மாதிரி கேட்டு வந்தால் கொடுப்போம். ஆனால் கேட்டுக் கொடுப்போம்.

முதலாவது, மண்ணோடு அதன் கதையையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை வருடமாக ரசாயனம் இல்லை, என்ன பயிர், ஜீவாமிர்தம் எப்போது விட்டோம், ஏரிப் பாசனமா கிணறா. இது இல்லாத தரவு விலாசம் இல்லாத கடிதம்.

இரண்டாவது, மண், மாவு நுண்ணுயிர்களுக்கு 2002-ம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டம் இருக்கு. தேசியப் பல்லுயிர் ஆணையம் சென்னையில்தான் இருக்கு. உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு உயிரோடு இருக்கிறதா என்று கேளுங்கள். மரபணு வரிசையை வைத்து லாபம் பார்க்கும் நிறுவனங்கள் பங்கு தர 2024 ஐ.நா. பல்லுயிர் மாநாட்டில் ஒரு நிதி உருவானது. தருவது கட்டாயமில்லை. வேம்புக் காப்புரிமையை எதிர்த்து ஜெயித்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

மூன்றாவது, மனித மாதிரி என்றால் விளக்கிச் சொல்லி எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். முடிவைத் தமிழில் ஊருக்கே வந்து சொல்லணும்.

இந்த மூன்றுக்கும் சம்மதிக்கிற தகவலியலாளர் நமக்கு விருந்தாளி இல்லை, கூட்டாளி. நம்ம பிள்ளைகளில் ஒருத்தராவது இதைப் படித்துவிட்டு வரப்புக்குத் திரும்பி வந்தால் இன்னும் நல்லது.