கோழி என்ன குற்றம் செய்தது?



எங்கள் நகர் நலச் சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள. இனி யாரும் வீட்டில் கோழி வளர்க்கக் கூடாதாம். மீறினால் 500 ரூபாய் அபராதமாம். நம்ம பள்ளியில் படிக்கிற நிறையப் பேர் அந்த நகரில்தான் இருக்கிறோம். அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

சங்கம் சொல்லும் காரணங்கள் மூன்று: சத்தம், நாற்றம், நோய். மூன்றும் பொய் இல்லை. ஆனால் மூன்றுக்கும் தடைதான் மருந்தா?

முதலில் சத்தம். விடியற்காலையில் கூவி எழுப்புவது சேவல். பெட்டைக்கோழி முட்டை போட்டதும் கொஞ்ச நேரம் கொக்கரிக்கும், அவ்வளவுதான். சேவல் இருந்தால்தான் கோழி முட்டையிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சேவல் இல்லாமலும் முட்டையிடும், அதில் குஞ்சு மட்டும் பொரிக்காது. குஞ்சு வேணும்னா கிராமத்திலிருந்து கரு உள்ள முட்டை வாங்கி அடை வைக்கலாம், 21 நாளில் பொரிக்கும். அதில் பாதி சேவலாகத்தான் இருக்கும். அவற்றைக் கூவத் தொடங்கும் முன்பே விற்றுவிடலாம். அமெரிக்காவின் நியூயார்க் நகரத்திலேயே பெட்டைக்கோழி வளர்க்க அனுமதி உண்டு, சேவலுக்குத்தான் தடை. அவ்வளவு நெருக்கமான ஊரில் முடிகிறது, நம்ம ஊரில் முடியாதா?

இரண்டாவது நாற்றம். கூண்டைக் கூட்டாமல் விட்டால் நாறத்தான் செய்யும். அடியில் மரத்தூள் பரப்பி, எச்சத்தை அள்ளிக் குழியில் போட்டு மக்க வைத்தால் செடிகளுக்கு நல்ல உரம். குப்பை நாறுகிறது என்பதற்காக யாரும் சமைக்காமல் இருப்பதில்லையே!

மூன்றாவது நோய். இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2006-இல் மகாராஷ்டிராவின் நவாப்பூரில் பறவைக் காய்ச்சல் வந்தது கோழிப் பண்ணைகளில். 2008-இல் மேற்கு வங்கத்தில் வந்தபோது வீட்டுக் கோழிகளும் மாட்டிக்கொண்டன. நம்ம பக்கத்தில் நாட்டுக்கோழிகளைக் கூட்டம் கூட்டமாகச் சாகடிப்பது வெள்ளைக்கழிச்சல். அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது, அரசு கால்நடை மருத்துவமனையில் போடுகிறார்கள். ஆனால் தடை வந்தால் என்ன ஆகும்? அபராதத்துக்குப் பயந்து ஒளித்து வளர்ப்பார்கள். அறிவிப்பு வந்த வாரமே சில வீடுகளில் கூண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டது. ஒளித்து வளர்க்கிற கோழியை யார் ஊசி போடக் கொண்டுபோவார்கள்? திடீரென்று நாலு கோழி செத்தால்கூட வெளியே சொல்ல மாட்டார்கள். நோய்க்குப் பயந்து போடுகிற தடை நோயைத்தான் மறைக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் தனியாக இருக்கிற ஆயா ஒருவர் ஐந்து நாட்டுக்கோழி வளர்க்கிறார். ஒரு நாட்டுக்கோழி வருஷத்துக்கு 60 முதல் 80 முட்டை போடும். ஒரு முட்டையை 15 ரூபாய்க்கு விற்கிறார். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு ஐயாயிரம் ரூபாய் சொச்சம்தான் வரும். பெரிய பணம் இல்லை. ஆனால் யாரிடமும் கை நீட்டாமல் மாத்திரை வாங்க அவருக்கு இருக்கிற பணம் அதுதான். பிள்ளைக்கு நாட்டுக்கோழி முட்டை வேணும் என்று அவரிடம் வாங்குகிறவர்களில் சங்கத்துக்காரர்களும் உண்டு! முட்டை மட்டும் வேணும், கோழி வேண்டாம் என்றால் எப்படி?

இஷ்டத்துக்கு வளர்க்கலாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கவும் வேண்டும். தடைக்குப் பதிலாக நாலு விதி போடலாம்:

1. வீட்டுக்கு ஐந்து பெட்டைக்கோழி வரைதான். சேவல் கூடாது.
2. கூண்டு பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. தெருவில் விடக் கூடாது.
3. தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.
4. தடுப்பு மருந்து கட்டாயம். கோழி செத்தால் உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இதை மீறுகிறவர்களுக்கு அபராதம் போடட்டும், நானும் கை தட்டுவேன். ஒழுங்காக வளர்க்கிறவரையும் சேர்த்துத் தண்டிப்பது நியாயமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். நம்மைப் பேச விட மாட்டார்கள். ஆனால் நம்ம அப்பா அம்மா பேசலாமே! இன்று வீட்டுக்குப் போனதும் இதைச் சொல்லுங்கள். என் கருத்து தப்பு என்று நினைப்பவர்கள் அடுத்த இதழுக்குப் பதில் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

- 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி