கட்டில் போட்டால்தான் வைத்தியமா?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. 18 சதவீதம் ஒரே வீச்சில் பூஜ்யமானது. மருந்துகள் பலவற்றுக்கு 12 என்பது 5 ஆனது. நல்லதுதான். ஆனால், சாமானியரின் வைத்தியச் செலவுக்கே விடிவு பிறந்துவிட்டதுபோல் இதைக் கொண்டாடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் நாம் போய் உட்காரும் தெருமுனை கிளினிக்குக்குக் கிடைத்தது என்ன? மருத்துவக் கழிவை எடுத்துச் சென்று அழிக்கும் சேவைக்கான வரி 12-லிருந்து 5 ஆனது. 2022 ஜூலைக்கு முன் அந்த வரியே கிடையாது. வாடகை மீதான 18 சதவீதத்தை யாரும் தொடவில்லை.

“டாக்டர்களுக்குத்தான் வரிவிலக்கு இருக்கிறதே” என்பவர்கள் சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். நோயாளி தரும் கட்டணத்துக்கு வரி இல்லை. அதனாலேயே, டாக்டர் வாடகையிலும் கருவியிலும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழி இல்லை. திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்பவர் தான் கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்பப் பெறுகிறார். அதே தெருவில் கிளினிக் நடத்துபவருக்கு அது கைநஷ்டம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாவட்டத் தலைநகர் ஒன்றில், வணிக வளாகத்தில் கிளினிக். கட்டணம் 200 ரூபாய். நாளுக்கு 30 பேர் வருகிறார்கள்; அதில் 10 பேர் ரிப்போர்ட் காட்டவும் மறுமுறை பார்க்கவும் வருபவர்கள், அவர்களிடம் காசு வாங்கும் வழக்கம் நம் ஊரில் இல்லை. மாதம் 25 நாள் உட்கார்ந்தால் வரவு ஒரு லட்சம். வாடகை 30,000, அதன் மேல் வரி 5,400. டோக்கன் கொடுப்பவர், நர்ஸ் இருவருக்கும் சேர்த்து 26,000. மின்சாரம், கழிவு, துப்புரவு, பஞ்சு, ஊசி என்று ஒரு 10,000. மிஞ்சுவது 28,600. நான்கரை ஆண்டு எம்பிபிஎஸ், ஓராண்டு பயிற்சி முடித்தவரின் மாத வருமானம் இது.

இதற்காக அவர் கொடுக்கும் விலை காசு மட்டுமில்லை. இரவு பத்து மணிக்குத்தான் வீடு. குழந்தையின் பள்ளி விழா எல்லாம் கிளினிக் நேரத்தில்தான் வரும். ஒரு வாரம் பூட்டினால் வாடகை நிற்காது, நோயாளி நிற்கமாட்டார். பதிலுக்கு உட்கார இன்னொரு டாக்டரை அமர்த்த அந்த 28,600 இடம் தராது. பதிவுக்கோ, ஐந்து மாடி மருத்துவமனைக்கும் இந்த ஓர் அறைக்கும் ஒரே 1997-ஆம் ஆண்டுச் சட்டம்.

ஆகவேதான் பக்கத்தில் மெடிக்கல் ஷாப் முளைக்கிறது, லேபிலிருந்து கவர் வருகிறது. கமிஷன் வாங்கக் கூடாது என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. நேர்மையாக நடத்தினால் தேறாத தொழிலை விட்டுவைத்துவிட்டு, நெறிமுறை மட்டும் எழுதி என்ன பயன்?

உடனே வியாசர்பாடி திருவேங்கடத்தையும் பழைய வண்ணாரப்பேட்டை ஜெயச்சந்திரனையும் எடுத்துக்காட்டுவார்கள். ஐந்து ரூபாய் டாக்டர்கள் என்று வடசென்னை கொண்டாடிய அவ்விருவரையும் கைகூப்பி வணங்குகிறேன். 2017-இல் வந்த ‘மெர்சல்’ படத்தின் நாயகனும் ஐந்து ரூபாய் டாக்டர்தான். ஆனால், எட்டுக் கோடி மக்களின் வைத்தியத்தைத் தியாகிகளை நம்பி ஓர் அரசு விடக் கூடாது.

கோளாறின் வேர் கட்டிலில் இருக்கிறது. 2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து, 2018-இன் ஐந்து லட்ச ரூபாய் ஆயுஷ்மான் பாரத் வரை எதுவும் சாதாரண வெளிநோயாளிக்குப் பணம் தருவதில்லை. தனியார் பாலிசிகளிலும் பெரும்பாலும் 24 மணி நேரம் படுத்தால்தான் பேச்சே. இருபது ஆண்டுகள் ஒருவரின் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருக்கும் டாக்டருக்கு அரசுப் பணம் ஒரு ரூபாய் கிடையாது. அதே ஆள் பக்கவாதம் வந்து விழுந்தால் லட்சங்கள் பாய்கின்றன. பிரீமிய வரிவிலக்கும் இந்தக் கட்டில் கணக்கையே கொழுக்கவைக்கிறது.

பிரிட்டனைப் பார்க்க வேண்டும். அங்கே குடும்ப மருத்துவர்கள் 1948 முதலே அரசு ஊழியர்கள் அல்லர். சொந்தமாக கிளினிக் நடத்தி, பதிவான ஆளுக்கு இவ்வளவு என்று அரசிடம் தொகை வாங்குபவர்கள். அந்தத் தொகையில் வாடகையும் சம்பளமும் கட்டுப்படியாகவில்லை என்று 1965-இல் பொங்கி எழுந்தார்கள். சுமார் 18,000 பேர் தேதி போடாத ராஜினாமாக் கடிதங்களை எழுதித் தங்கள் சங்கத்திடம் ஒப்படைத்தார்கள். சுகாதார அமைச்சர் கென்னத் ராபின்சன் பேச்சுவார்த்தைக்கு வந்தார். 1966 ஒப்பந்தத்தில் கிளினிக்கின் வாடகையை அரசு திருப்பித் தந்தது. ஊழியர் சம்பளத்தில் 70 சதவீதத்தை ஏற்றது. கட்டடத்துக்குக் கடன் தரத் தனி நிதிக் கழகம் வந்தது. தனித்தனியே தவித்தவர்கள் மூன்று, நான்கு பேராகச் சேர்ந்து நடத்தும் கிளினிக்குகள் பெருகின. டாக்டர் விடுப்பு எடுக்க முடிந்தது! அப்படி அரசு வாடகை தந்த அறைகளில், வேல்ஸ் சுரங்க ஊர்கள் வரை, வைத்தியம் பார்த்தவர்களில் இந்தியாவில் படித்துப் போனவர்கள் கணிசம். நம் மருத்துவர்களுக்கு அந்த நாடு செய்ததை நாம் செய்யவில்லை.

ஆரம்ப சுகாதார நிலையமும், 2021-இல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவ’மும் இருக்க கிளினிக் எதற்கு என்பவர்கள், இரவு ஒன்பது மணிக்கு 103 டிகிரி காய்ச்சலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை போலும்.

கிளினிக்கில் பதிந்துகொள்ளும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசு தரட்டும். ஐந்தே ஆண்டுகளில் சென்னை ராஜீவ் காந்தி மருத்துவமனையின் வெளிநோயாளி வரிசை பாதியாகும். கமிஷன் தானாகவே ஒழியும். தராவிட்டால், பத்தாண்டுகளில் நேர்மையான தனி கிளினிக் என்று ஒன்று நம் ஊர்களில் இருக்காது.

வாடகை வரியை நீக்க ஜிஎஸ்டி கவுன்சில் கூடவேண்டும். மாநிலம் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. டாக்டர் தன் வீட்டோடு ஒட்டிய அறையில் வைத்தியம் பார்த்தால் வீட்டு மின்கட்டணம் என்று தமிழ்நாட்டு மின்கட்டண விதி ஒரு சலுகை தருகிறது. ஆனால் அந்த அறை 200 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். பரிசோதனைக் கட்டில், மேசை, நான்கு நாற்காலி போட்டால் நிறைந்துபோகும் இடம் அது. அந்த 200-ஐ 600 ஆக்கி, வீட்டோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை கிளினிக்குகளுக்கு நீக்குவது மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கையில் இருக்கிறது. அடுத்த கட்டண ஆணையிலேயே அதைச் செய்யட்டும்.