சுவருக்குள் பழைய பைப்... வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்!

பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டலாம் என்று சுவரைக் கொத்தும்போது, உளி 'ணங்' என்று எதிலோ மோதும். காரையைத் தட்டிவிட்டுப் பார்த்தால் துருப்பிடித்த இரும்பு பைப். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வீட்டில் யாருக்கும் தெரியாது. போடச் சொன்ன தாத்தாவும் இல்லை, போட்டுக்கொடுத்த பிளம்பரும் இல்லை. "தண்ணி ஏதும் வரலைங்க, வெட்டிருவமா?" என்பார் கொத்தனார். கமுதி பக்கத்துப் பழைய காரை வீடாக இருந்தால், சரி என்று தலையாட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

தண்ணீர் வராத பைப்புக்கும் வேலை இருக்கலாம். பி.வி.சி. பரவலாகும் முன் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது ஜி.ஐ. பைப்பில்தான். மண்ணுக்குள் இறங்கும் இரும்புதானே என்று, கரன்ட் வாங்கியபோது பல வீடுகளில் எர்த் ஒயரையும் அதிலேயே கிளாம்ப் போட்டு முறுக்கிவிட்டார்கள். தண்ணீர் நின்றுபோன பிறகும் அந்த எர்த் அப்படியே இருக்கும்.

நடுவில் இரண்டடியை வெட்டி பிளாஸ்டிக் பைப் சேர்த்தால் எர்த் அங்கேயே அறுந்துவிடும். லைட் எரியும், ஃபேன் சுற்றும், எந்த வித்தியாசமும் தெரியாது. என்றைக்காவது கிரைண்டரிலோ வாஷிங் மெஷினிலோ மின்கசிவு வரும்போதுதான் வினை. இறங்க வழியில்லாத கரன்ட் மெஷினின் உடம்பிலேயே நிற்கும். ஈரக் கையோடு தொடுகிறவர் வழியாக மண்ணுக்குப் போகும். ஏற்கெனவே கசிவு இருக்கும் வீட்டில், வெட்டிய இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடிக்கும் தொழிலாளிக்கே ஷாக் அடிக்கும்.

எனவே பைப் தெரிந்ததும் கட்டரை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, மெயினை அணைத்து எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். மீட்டர் பலகை, கிணற்றடி, பழைய குழாய் முனை ஆகிய இடங்களில் பச்சை ஒயரோ வெறும் செம்புக் கம்பியோ பைப்பில் கட்டியிருக்கிறதா என்று அவர் பார்க்கட்டும். இருந்தால், முதலில் தனியாக எர்த் குழி, பிறகுதான் வெட்டு. கரிசல் மண் கோடையில் காய்ந்து வெடிக்கும், ஈரம் போனால் எர்த்தும் பலவீனமாகும். குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதை மறக்கக் கூடாது. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டச் சொல்லுங்கள். கசிவு வந்தால் அதுவே லைனைத் துண்டித்துவிடும். டைல்ஸ் செலவோடு பார்த்தால் இது பெரிய காசில்லை.

சுவிட்ச் பெட்டியிலிருந்து நேராக மேலே ஏறும் மெல்லிய இரும்புக் குழாய் என்றால், உள்ளே ஒயர் ஓடிக்கொண்டிருக்கலாம். அதில் உளியே படக் கூடாது.

மொட்டை மாடியிலிருந்து தரை வரை இறங்கும் அகலமான குழாய், அதிலும் சுட்ட மண் குழாய் என்றால் விஷயமே வேறு. அது மழைத்தண்ணீர் இறங்கும் வழி. மண்ணைச் சுட்டுக் குழாயாக்கித் தண்ணீர் கடத்துவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. அடுத்த மாவட்டமான சிவகங்கையின் கீழடி அகழாய்விலேயே ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. மாடியில் அதன் வாயைத் தேடி ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே வரவில்லை என்றால் அடைப்பு, அவ்வளவுதான். பலரும் செய்வதுபோல சிமென்ட் வைத்துப் பூசிவிட்டால், ஐப்பசி மழையில் மாடியில் தேங்கும் தண்ணீர் தளத்துக்குள் இறங்கும். அடைப்பை எடுக்க முடியாத அளவுக்கு உடைந்திருந்தால், சுவருக்கு வெளியே வேறு குழாய் விட்டுவிட்டுப் பழையதை மூடலாம். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாக இருக்கும் ராமநாதபுரம் மாவட்டத்தில், அந்தக் குழாயின் கீழ்முனையைத் தொட்டிக்குத் திருப்பிவிட்டால் நல்ல தண்ணீர் சும்மா கிடைக்கும்.

'பைப் கெட்டியாத்தானே இருக்கு' என்று பழைய ஜி.ஐ. லைனில் மறுபடி தண்ணீர் விடும் ஆசை மட்டும் வேண்டாம். உப்புத் தண்ணீர் ஓடிய பைப் வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே துருவும் உப்பும் அடைத்து விரல் நுழையாத ஓட்டைதான் மிச்சமிருக்கும்.

பூச்சு வேலைக்கு முன், சுவரில் டேப்பைப் பிடித்து, எந்த பைப் எந்த உயரத்தில் ஓடுகிறது என்று செல்போனில் நாலு படம் எடுத்துவிடுங்கள். ஒரு பிரின்ட் வீட்டுப் பத்திரத்தோடு இருக்கட்டும். போன் மாறினால் படம் போய்விடும்.