கள்ளை எடைபோடும் சட்டம் ஆலையை எடைபோடுமா?

2025 ஜூலையில் ஐதராபாத்தின் கூகட்பள்ளி வட்டாரத்துக் ‘கள்ளு காம்பவுண்டு’களில் கள் அருந்திய உழைக்கும் மக்கள் பலர் மாண்டனர். மேலும் பலர் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு மருத்துவமனைகளில் கிடந்தனர். அந்தக் கள்ளில் அல்பிரசோலம் கலந்திருந்தது ஆய்வில் தெரியவந்தது. கடைகளுக்குச் சீல், உரிமம் ரத்து, ஓர் அதிகாரி இடைநீக்கம். இத்துடன் கடமை முடிந்ததென அரசு கருதுகிறது போலும்!

அல்பிரசோலம் பனையிலோ ஈச்சமரத்திலோ ஊறுவதன்று. வேதியியல் கூடத்தில் பிறப்பது. மனப்பதற்றத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து அது. ‘எச்1’ அட்டவணையில் இருப்பதால், விற்பவர் மருத்துவரின் பெயரையும் நோயாளியின் பெயரையும் பதிவேட்டில் குறித்தாக வேண்டும். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலும் அது இடம்பெற்றுள்ளது: 5 கிராம் வரை சிறிய அளவு, 100 கிராமைத் தாண்டினால் வணிக அளவு, குறைந்தது 10 ஆண்டு சிறை. பட்டியலில் குறையில்லை. சட்டம் யார்மீது பாய்கிறது என்பதில்தான் வர்க்கம் ஒளிந்திருக்கிறது.

கலவையில் உள்ள தூய போதைப்பொருளின் எடையன்று, கலவையின் மொத்த எடையே கணக்கு என 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சொல்லுக்குச் சொல் பொருத்தினால், சில மில்லிகிராம் கலந்த ஒரு பாட்டில் கள்ளே ‘வணிக அளவு’ ஆகிவிடும். 90 கிராம் தூய பொடி வைத்திருக்கும் தரகரோ அதற்குக் கீழான பிரிவில் அடங்குவார். பாட்டிலுக்குப் 10 மில்லிகிராம் என்று கொண்டாலும், அந்தப் பொடி 9,000 பாட்டில்களை நஞ்சாக்கப் போதுமானது!

அந்தப் பொடி எங்கிருந்து வருகிறது? 2025 செப்டம்பரில் ஐதராபாத்தில் ஒரு தனியார் பள்ளிக் கட்டடத்துக்குள்ளேயே அல்பிரசோலம் தயாரிப்புக்கூடம் பிடிபட்டது. நாட்டின் மருந்து மூலப்பொருள் உற்பத்தியில் முன்னணி நகரம் இது. இங்கே வேதிப்பொருள் எங்கே வாங்கப்படுகிறது, எங்கே போகிறது என்பதைக் கண்காணிக்க அரசால் இயலாதா? கூகட்பள்ளியை அடுத்த பாலாநகரில் மக்களுக்கு மலிவு மருந்து தந்த பொதுத்துறை ஐடிபிஎல் ஆலையை நலிய விட்டவர்கள், தனியார் லாபவேட்டையைக் கேள்வி கேட்பார்களா?

“கள்ளையே தடை செய்க” என்போரும் உண்டு. 2004இல் ஐதராபாத்தில் கள்ளுக்கடைகள் மூடப்பட்டன. 2014இல் மீண்டும் திறக்கப்பட்டன. நஞ்சு ஒழியவில்லை. 2015இல் கலப்படக் கள்மீது கெடுபிடி வந்தபோது, பழகிய போதை திடீரென நின்றதால் நிஜாமாபாத், மகபூப்நகர் மாவட்டங்களில் நூற்றுக்கணக்கானோர் நிலைகுலைந்து மருத்துவமனைகளுக்கு வந்தனர். 1987 முதல் கள்ளுக்குத் தடை விதித்துள்ள தமிழ்நாட்டில், அரசே டாஸ்மாக் நடத்துகிறது. மரமேறியின் பிழைப்புதான் போனது. மதுபான ஆலை அதிபர்கள் கொழிக்கிறார்கள்.

தேவை வேறு. மூலப்பொருள் ஆலையிலிருந்து கடைவரை கண்காணிப்பு வேண்டும். கள் விற்பனை உரிமம் குத்தகைதாரர்களுக்கன்றி, மரமேறும் தொழிலாளரின் கூட்டுறவுகளுக்கே உரியதாக வேண்டும். அடிமைப்பட்டோருக்கு அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை வேண்டும். தண்டனை அளவு தூய நஞ்சின் எடையைக் கொண்டே கணக்கிடப்பட வேண்டும். ஏழையின் குவளையைத் தராசில் ஏற்றும் அரசு, முதலில் ஆலை முதலாளியின் கணக்குப் புத்தகத்தைத் திறக்கட்டும்!