பட்டி மட்டும் போதுமா?

கராத்தே வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், இனி அவர்கள் தம்மைத் தாமே காத்துக்கொள்வர் என நம்புகின்றனர். இந்நம்பிக்கை சரியானதா என நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

வெறுங்காற்றில் குத்தியும் உதைத்தும் பழகுவது உடலுக்கு நல்லது. ஆனால் தாக்க வருபவன் அசையாமல் நிற்பதில்லை. 1882இல் யப்பானில் ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ, எதிர்த்து நிற்கும் துணையுடன் பயிலும் 'ரண்டோரி' முறைக்கு முக்கிய இடமளித்தார்.

இன்னுமொன்று. பெண்களுக்கு ஆபத்து பெரும்பாலும் அறிந்தவர்களிடமிருந்தே வருகிறது. மாமாவுக்கோ அயலவருக்கோ உதைக்க எந்தப் பெண்பிள்ளைக்கு உடனே கால் எழும்? கனடாவின் மூன்று பல்கலைக்கழகங்களில் மாணவிகளுக்கு 12 மணிநேரப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஆபத்தை முன்கூட்டியே இனங்காணல், தயக்கமின்றி மறுத்தல், உடலால் எதிர்த்தல் ஆகியன கற்பிக்கப்பட்டன. 2015இல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் வல்லுறவுக்கு உள்ளானோர் பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 5 பேரளவில். துண்டுப்பிரசுரம் மட்டும் பெற்றவர்களில் 10 பேரளவில்.

எனவே, எமது கிராம வகுப்புகளில் குத்தும் உதையும் மட்டுமன்றி, உரத்து 'வேண்டாம்' என்று சொல்லவும் பழக்குவோம். அப்படிச் சொல்லும் பிள்ளையை 'வாய்க்காரி' என்று அடக்காதிருப்போம். பயிற்சி பெறாதவள் பாதிக்கப்பட்டாலும் குற்றம் அவளுடையதன்று என்பதையும் மறவாதிருப்போம்.