விடுதலை வந்தது, வாக்குச்சீட்டு போனது

பெரிய கிளர்ச்சி எதுவும் இல்லாமல், பேசிப் பேசியே படிப்படியாக விடுதலை பெற்ற நாடு என்று இலங்கையைப் பாராட்டிச் சொல்வார்கள். 1948 பிப்ரவரி 4 அன்று கொடி மாறியது. அப்போதும் முடிசூடிய தலை லண்டனில்தான் இருந்தது. திருகோணமலைக் கடற்படைத் தளத்தை ஆங்கிலேயர் விட்டது 1957இல். குடியரசு ஆனது 1972இல். இத்தனை நிதானமான விடுதலையில் நம் மக்கள் எந்தப் படியில் நின்றார்கள் என்று யாரும் கேட்பதில்லை. நாம் கேட்போம்.

தொடக்கத்திலேயே சாதி இருந்தது. சட்டசபையில் 'படித்த இலங்கையர்' என்ற பெயரில் ஒரே ஓர் இடத்தைத் தேர்தலுக்கு விட்டார்கள். 1911இல் நடந்த அந்தத் தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதன் வென்றார். எதிர்த்து நின்றவர் சிங்களரான மார்க்கஸ் பெர்னாண்டோ. ஆனாலும் சிங்களக் கொவிகம மேட்டுக்குடியினரில் பலர் தமிழருக்கே வாக்களித்தார்கள். பெர்னாண்டோ கராவ சாதி, இராமநாதன் வெள்ளாளர். இனத்தைவிடச் சாதி கெட்டியாக இருந்த காலம் அது. இன்று இரு பக்கத்தாரும் அதை நினைவுபடுத்த விரும்புவதில்லை.

அடுத்த படி டொனமூர் ஆணைக்குழு. அதுவரை மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான் வாக்கு. இலங்கைத் தேசிய காங்கிரஸ் தலைவர்கள்கூட, வருமானம் உள்ளவனுக்கு மட்டும் வாக்கு போதும் என்றார்கள். இராமநாதனோ அனைவருக்கும் வாக்குரிமை என்பதையே எதிர்த்தார். வேண்டும் என்று உரக்கக் கேட்டவர் தொழிற்சங்கக்காரரான ஏ.ஈ.குணசிங்க. கடைசியில் ஆணைக்குழு வந்த வெள்ளைக்காரர்கள்தான், ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு என்று எழுதிக் கொடுத்தார்கள். 1931இல் அது நடப்புக்கு வந்தது. பிரிட்டனில் பெண்களுக்குச் சமமான வாக்குரிமை கிடைத்து அப்போது மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. இந்தியாவில் அண்ணல் அம்பேத்கர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்; நமக்குக் கிடைக்க 1950 ஆயிற்று. யாழ்ப்பாணத்தில் அதே ஆண்டுகளில், பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளும் மற்றவர்களோடு சமமாக பெஞ்சில் உட்காரலாம் என்று உத்தரவு வந்ததற்காகப் பள்ளிகளுக்குத் தீ வைத்தார்கள்.

மலையகத் தோட்டங்களுக்கும் இந்த வாக்கு போனது, முழுதாக அல்ல. இங்கேயே நிலைத்துவிட்டவர்கள்தானா என்று இந்தியத் தொழிலாளரிடம் மட்டும் தனி நிபந்தனை கேட்கப்பட்டது. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன அந்த மக்களில் பெரும்பகுதியினர் பள்ளர், பறையர், சக்கிலியர். பெரிய கங்காணி பெரும்பாலும் மேல்சாதி. காப்பிக்காடும் தேயிலைக்காடும் ஆக்கியவர்கள் நம்மவர்கள். அந்த அரைகுறை வாக்கைக்கூட அவர்கள் வீணாக்கவில்லை. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மலைநாட்டின் வேறு தொகுதிகளில் தோட்டத்து வாக்கு இடதுசாரிகளுக்கு உதவியது. ஆளவந்த டி.எஸ்.சேனநாயக்கவின் கட்சிக்கு உறுத்தியது இதுதான் என்பது நம் முடிவு. கூலிக்காரன் கையில் வாக்குச்சீட்டு இருந்தால் கணக்கு மாறிவிடும்.

விடுதலை வந்த அதே ஆண்டு, 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. நீ இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்றது. லயத்து இருட்டறையில் பிறந்தவனுக்கு யார் பதிவு எழுதினார்கள்? முதல் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த ஜி.ஜி.பொன்னம்பலம் அதே ஆண்டில் அமைச்சரானார். அடுத்த சட்டம் வந்தபோது அவர் அரசின் பக்கம் இருந்தார். செல்வநாயகம் பிரிந்துபோய்த் தனிக்கட்சி கண்டார். பிறகு தேர்தல் சட்டத்தையும் திருத்தினார்கள். குடிமகன் அல்லாதவனுக்கு வாக்கு இல்லை. ஆணைக்குழு கொடுத்த வாக்கைச் சொந்த நாடாளுமன்றம் பிடுங்கிக்கொண்டது.

சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையோரைக் காக்க 29ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. அதைக் காட்டி லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனார்கள். சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. 1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஒருவர்கூட நாடாளுமன்றம் போகவில்லை. அடுத்து தொண்டமான் தேர்தலில் வென்று உள்ளே போனது 1977இல். குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் எட்டு லட்சத்துக்கும் அதிகம்; 1964 வரை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

அந்த 1964 அக்டோபரில்தான் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். 9,75,000 பேர் என்று கணக்குப் போட்டார்கள். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். ஆடுமாடு பிரிக்கும்போதுகூட இது செனை, இது கன்று என்று பார்ப்பார்கள். எங்கே இருக்க விருப்பம் என்று அந்த மக்களை யாரும் முதலில் கேட்கவில்லை. நாடற்றவராக எஞ்சியவர்களுக்கு இலங்கை குடியுரிமை தந்து சட்டம் செய்தது 2003இல். கொடி ஏறி 55 ஆண்டுகள் கழித்து.

தலைமன்னாரில் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். நம் மாவட்டத்துக் கல்லூரி விண்ணப்பங்களிலும் இருக்கிறார்கள். கடந்த ஆண்டு ஒரு மாணவிக்காக நாங்கள் ஒரு வட்டாட்சியர் அலுவலகத்தில் நான்கு முறை ஏறி இறங்கினோம். பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டும். தகப்பனுடைய சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. சரி, தாத்தாவுடையது? தாத்தா பிறந்தது தோட்டத்தில். சொந்த ஊர் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்ததெல்லாம் துறையூர்ப் பக்கம் என்பதுதான். ஊர்ப்பெயர் பாட்டியோடு போய்விட்டது. 1948 சட்டம் கேட்ட அதே கேள்வியை நம் ஊர் எழுத்தர் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் கேட்டுவிட்டு அடுத்த மனுவை எடுத்தார்.

நேரில் விசாரித்து, அக்கம்பக்கத்து உறவுமுறையைப் பார்த்துச் சான்றிதழ் தரும் அதிகாரம் வட்டாட்சியருக்கு உண்டு. தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்கு அந்த விசாரணையை அலுவலகமே முன்வந்து, குடியிருப்புக்கே வந்து நடத்த வேண்டும் என்று மாவட்ட நிர்வாகத்திடம் மனு கொடுத்திருக்கிறோம். அந்த மாணவி முதலாண்டுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினாள். சான்றிதழ் இன்னும் வரவில்லை.