தெமோதரைத் தவறணைக்கு ஒரு பெயர்

தமிழ்நாட்டில் சாராயக்கடைக்குப் பெயர் கிடையாது, எண்தான். 2003 கடைசியில் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் தன் கையில் எடுத்துக்கொண்ட பிறகு குடிமகன் தேடிப்போவது ஒரு நாலு இலக்க எண்ணை. இலங்கையில் நிலைமை ஒரு படி மேல். தவறணைப் பலகையில் ஊர்ப் பெயரோ முதலாளி பெயரோ இருக்கும், பின்னால் 'வைன் ஸ்டோர்ஸ்' என்று ஒட்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் மது விளம்பரத்தையே தடுத்துவிட்டதால், பலகையில் பகிடி விட யாருக்கும் பெரிய அவசரமும் இல்லை.

இங்கிலாந்துக்காரர்கள் இதில் வேறு சாதி. லண்டன் பாடிங்டன் ஸ்டேசனுக்குள்ளேயே 'பைத்தியக்கார பிஷப்பும் கரடியும்' என்று ஒரு மதுக்கடை உண்டு. ரயில் கம்பனிக்கு அந்த நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுத்த பிஷப்புக்குப் புத்தி பிசகியிருக்க வேண்டும் என்பது பெயரின் முதல் பாதி. மறுபாதி, 1958இல் மைக்கேல் பாண்ட் எழுதிய குழந்தைக் கதையில் அதே ஸ்டேசனில் அநாதையாக நின்ற கரடிக்குட்டி. டெவன் பக்கம் நியூட்டன் செயிண்ட் சைரஸ் என்ற கிராமத்து ஸ்டேசனுக்கு அருகில் 'பியர் எஞ்சின்' இருக்கிறது. அவர்களே காய்ச்சிய பியர்களில் ஒன்றுக்கு 'ஸ்லீப்பர் ஹெவி' என்று பெயர். நாலு கிளாஸ் உள்ளே போனவன் எப்படிக் கிடப்பான் என்பதைத் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டையை வைத்தே சொல்லியாயிற்று.

அங்கேயும் ஊருக்கு ஊர் 'ரயில்வே டாவர்ன்', 'ஸ்டேசன் ஹோட்டல்' என்ற சப்பைப் பெயர்கள்தான் அதிகம். சிரிக்க வைக்கிற பெயர் அந்த ஸ்டேசனின், அந்த லைனின் கதை தெரிந்தவன் வைத்ததாக இருக்கும். அப்படிப் பார்த்தால் இலங்கையின் ஊவாவுக்கு ஈடு கிடையாது. ஒஹியவில் தொடங்கி பதுளை வரைக்கும் லைனே ஒரு நையாண்டிதான்.

தெமோதரையைப் பாருங்கள். மேலிருந்து வரும் ரயில் ஸ்டேசனில் நின்று, புறப்பட்டு, மலையை ஒரு சுற்றுச் சுற்றி, சற்று முன் தான் நின்ற ஸ்டேசனுக்கு அடியிலேயே 42ஆம் இலக்கச் சுரங்கத்துக்குள் புகுந்து வெளியே வருகிறது. இத்தனை செங்குத்தில் பாதை இறக்க வழி தெரியாமல் பொறியியலாளர் விமலசுரேந்திர தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டினாராம். அதைப் பார்த்துத்தான் யோசனை பிறந்ததாம். நிஜமோ பொய்யோ, அங்கே ஒரு தவறணை திறந்தால் 'கங்காணி தலைப்பாகை' தவிர வேறு பெயர் வைப்பது பாவம். உள்ளே போனவன் ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே அடியில் வந்து சேர்வான் என்பதும் அதிலேயே அடக்கம்.

எல்லவில் ஒன்பது வளைவுப் பாலத்தின் பெயரைச் சுற்றுலாக் கடைகள் எப்போதோ பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. அங்கே புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை. இதல்கஸ்ஹின்ன வேறு மாதிரி. மலை முதுகில் ஸ்டேசன், இரண்டு பக்கமும் சரிவு. 'எந்தப் பக்கம் விழுந்தாலும்' என்று பலகை எழுதலாம். பதுளை 1924இல் ரயிலைக் கண்ட ஊர், லைன் முடிகிற இடம். அங்கே 'முட்டுக்கட்டை' பொருந்தும். வீட்டுக்காரிகளும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் உசத்தி 'டப்லட்'. மலைநாட்டு லைனில் எஞ்சின் ஓட்டுநர் சிக்னலை மட்டும் நம்பிப் போவதில்லை. ஸ்டேசன் மாஸ்டரின் அறையில் ஒரு பெட்டி இருக்கும், அதற்குள் 'டப்லட்' என்கிற வட்டத் தகடுகள். அடுத்த ஸ்டேசனிலும் அதே மாதிரிப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பு. ஒரு தகட்டை வெளியே எடுத்துவிட்டால், அது இரண்டில் ஒரு பெட்டிக்குள் திரும்பப் போய் விழும்வரை இன்னொன்று எந்தப் பெட்டியிலிருந்தும் வராது. அந்தத் தகட்டைத் தோல் பைக்குள் போட்டு, பெரிய வளையத்தில் மாட்டி நீட்டுவார்கள். ஓடுகிற எஞ்சினிலிருந்து கை வந்து அதைக் கொத்திக்கொண்டு போகும். ஒற்றை லைனில் பொடி மெனிக்கே ரயிலும் உடரட்ட மெனிக்கே ரயிலும் முகத்தோடு முகம் முட்டாமல் இருப்பது இதனால்தான். தவறணைக்கு இதே சட்டத்தைக் கொண்டுவந்தால்? முதல் கிளாஸ் திரும்பி வராமல் இரண்டாவது கிடையாது. ஒரு மேசையில் ஒருவன்தான் பேசலாம். ஊவாவின் பாதி அடிதடி அன்றோடு நின்றுவிடும்.

சம்பளத்தன்று லயத்து வாசலில் காத்திருக்கும் பெண்களுக்கு இந்தப் பகிடியெல்லாம் அவ்வளவாக ருசிக்காது. பிஷப்பையும் கரடியையும் பலகையில் ஏற்ற, மதுக்கடையைக் குடும்பத்தோடு சாப்பிடப் போகும் இடமாக வைத்திருக்கும் ஊர் வேண்டும். தோட்டப்புறத்தில் தவறணை ஒருநாளும் அப்படி இருந்ததில்லை. பெயர் இல்லாமல் கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மொனராகலைக்காரருக்கு இன்னொரு குறை. பெல்வத்தையிலும் செவனகலையிலும் கரும்பு அரைத்து, மிஞ்சும் பாகிலிருந்து மதுசாரம் வடிக்கிற மாவட்டம் அவர்களுடையது. சரக்கு உண்டு, ஸ்டேசன் இல்லை. ரயில் பார்க்க வேண்டுமென்றால் பஸ் பிடித்து, பசறை வழியாக வளைந்து வளைந்து பதுளைக்கு ஏற வேண்டும். அங்கிருந்துகொண்டு ஸ்டேசன் தவறணைக்குப் பெயர் யோசிப்பது, பிள்ளை பிறக்குமுன் காதுகுத்துக்குப் பந்தல் போடுகிற கதை.

ஒரு வழி திறந்திருக்கிறது, கடதாசியில். மாத்தறையிலிருந்து கதிர்காமத்துக்குப் போட வேண்டிய லைனின் முதல் துண்டை 2019 ஏப்ரலில் பெலியத்தை வரை திறந்தார்கள். கதிர்காமம் மொனராகலை மாவட்டம். ஆக, மாவட்டத்துக்கு முதல் ஸ்டேசன் வந்தால் அது முருகன் சந்நிதிப் பக்கம்தான் வரும். தவறணைக்காரன் வாயைத் திறக்க முடியாது. தேத்தண்ணிக்கடைக்காரன் மட்டும் 'வேல் எக்ஸ்பிரஸ்' என்று பலகை எழுதி வைத்துக்கொண்டு காத்திருக்கலாம். பெலியத்தைக்கு அப்பால் ரயில் ஓடட்டும்.